செலவுப் பக்கமும் வரவுப் பக்கமும்: வட இங்கிலாந்தின் மாளிகைகளும் அருங்காட்சியகங்களும்

1946 ஏப்ரலில், யார்க்ஷயரில் ராதர்ஹாம் நகருக்குப் பக்கத்திலுள்ள வென்ட்வொர்த் உட்ஹவுஸ் மாளிகையின் தோட்டத்துக்குள் மண் தோண்டும் இயந்திரங்கள் நுழைந்தன. போர் முடிந்திருந்தது, நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு. புல்வெளிக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் நிலக்கரி கிடந்தது. தொழிற்கட்சி அரசின் எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் அதைத் தோண்ட உத்தரவிட்டார். மரங்கள் சாய்ந்தன. தோண்டிய மண் மாளிகையின் வாசலருகே வந்து குவிந்தது. கிழக்கு முகப்பு மட்டுமே 606 அடி நீளமும், உள்ளே 300க்கு மேல் அறைகளும் கொண்ட வீடு அது. தோண்ட வேண்டாம் என்று வாதாடியவர்களில் அந்த வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தாரும் இருந்தார்கள். ஃபிட்ஸ்வில்லியம் பிரபு குடும்பத்தின் பிற்காலச் செல்வத்தில் பெரும்பகுதி அந்தத் தொழிலாளர்கள் வெட்டிய நிலக்கரியிலிருந்து வந்தது. அதே நிலக்கரி கடைசியில் வீட்டு வாசலிலேயே தோண்டப்பட்டது.

வட இங்கிலாந்தில் ஒரு நாள் பயணமாகப் பார்க்கத்தக்க பழைய மாளிகைகள், அருங்காட்சியகங்கள், ஓவியக் கூடங்கள் எவை என்று கேட்டால் பட்டியல் கொடுப்பது எளிது. சுற்றுலாக் கையேடுகள் அதைத்தான் செய்கின்றன. மாளிகைக்கு ஓர் அத்தியாயம், அருங்காட்சியகத்துக்கு இன்னொன்று, ஓவியத்துக்கு மற்றொன்று. இந்தப் பிரிப்பே தவறு என்பது என் எண்ணம். மாளிகை ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம். தூண்கள், பட்டுத் திரைகள், சீனப் பீங்கான், இத்தாலிய ஓவியம் எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். வரவுப் பக்கம் பஞ்சாலையிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் கடல் கடந்த கரும்புத் தோட்டத்திலும் கிடக்கிறது. தொழிற்புரட்சி நடந்த மண் என்பதால் வடக்கில் பல இடங்களில் இரண்டு பக்கங்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால்தான் பார்த்ததாகும்.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. செஷயர் தொடங்கி லங்காஷயர், யார்க்ஷயர், டரம், நார்தம்பர்லண்டு, கம்ப்ரியா வரை உள்ளதையே வடக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த் மாளிகையை விட்டுவிடுகிறேன். அது டர்பிஷயரில் இருக்கிறது. அதற்கு இன்னொரு கட்டுரையும் தேவையில்லை.

முதலில், இந்த வீடுகளுக்குள் நாம் எப்படி நுழைய முடிகிறது? இருபதாம் நூற்றாண்டில் இறப்பு வரி உயர்ந்தது, நில வருமானம் சரிந்தது, வேலையாட்கள் போருக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். பல குடும்பங்கள் வீட்டை இடித்துக் கல்லை விற்றன. 1895 இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட், 1937 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வரிச் சலுகையோடு மாளிகைகளைப் பெற்றுக்கொள்ள ஆரம்பித்தது. அந்த அமைப்பை நிறுவிய மூவரில் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி கம்ப்ரியாவின் ஏரி மாவட்டத்துப் பாதிரியார். எனவே வடக்குக்கு இதில் மூத்த உரிமை உண்டு. மாளிகையைக் கொடுத்த குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேயே தொடர்ந்து குடியிருந்தன. பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் நடக்க, வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் வாழ்ந்தார். ஆங்கிலேயருக்கே உரிய சமரசம்.

இந்தச் சமரசத்தின் ஆரம்பகால எடுத்துக்காட்டு நார்தம்பர்லண்டிலுள்ள வாலிங்டன். தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வீடு இது. 1879 இல் இதை உறவுவழியில் அடைந்தவர் சர் சார்லஸ் எட்வர்ட் ட்ரெவல்யன். இருபது ஆண்டுகளுக்கு முன், 1859 இல், சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் அவரே. கல்கத்தாவின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் புது வரிகளைக் கொண்டுவந்தபோது ட்ரெவல்யன் அவற்றை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்பைப் பகிரங்கமாகவும் வெளியிட்டார். 1860 இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு காலத்தில் விரிந்து கிடந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் உருவானது.

இவ்வளவில் நிறுத்தினால் நல்ல மனிதர் என்று தோன்றும். அதற்கு முன் 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் கருவூலத்தின் உயரதிகாரியாக இருந்து, நிவாரணத்தைக் கஞ்சத்தனமாக அளந்து கொடுத்தவர் என்று அயர்லாந்தில் இன்றுவரை அவர் பெயரைச் சபிக்கிறார்கள். தேர்வு எழுதி அரசு வேலைக்கு வரும் முறைக்கு வித்திட்ட 1854 அறிக்கையின் ஆசிரியர்கள் இருவரில் ஒருவரும் அவர்தான். மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தவர். மெக்காலேயின் புத்தகங்களில் ஒரு பகுதி வாலிங்டன் நூலகத்தில் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் எப்படி ஏறி அமர்ந்தது என்று யோசிப்பவருக்கு அந்த அலமாரிகளுக்கு முன் நிற்பது சாதாரண அனுபவமாக இருக்காது.

ஆளுநரின் பேரன் சார்லஸ் பிலிப்ஸ் ட்ரெவல்யன் தொழிற்கட்சியின் கல்வி அமைச்சர், சோஷலிஸ்ட். வீட்டையும் நிலங்களையும் 1941 இல் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1958 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

வாலிங்டனின் நடுக்கூடத்தில் வில்லியம் பெல் ஸ்காட் வரைந்த நார்தம்பர்லண்டு வரலாற்று ஓவியங்கள் சுற்றிலும் இருக்கின்றன. ரோமானியர் சுவரில் தொடங்கும் வரிசை இரும்பும் நிலக்கரியுமாக முடிகிறது. கடைசி ஓவியத்தில் நியூகாசில் தொழிலாளர்கள் சம்மட்டி ஓங்கி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி. ஆம்ஸ்ட்ராங் பீரங்கி. மாளிகைச் சுவரில் தொழிற்சாலையை வரையத் துணிந்தவர்கள் அன்று மிகக் குறைவு. அந்தப் பீரங்கியைச் செய்தவர் வீடு அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. ராத்பரி ஊரருகே பாறைச் சரிவில் நிற்கும் கிராக்சைடு அது.

வில்லியம் ஆம்ஸ்ட்ராங் வக்கீலாகத் தொடங்கி, நீர்விசை இயந்திரங்களுக்குத் தாவி, பீரங்கியிலும் போர்க்கப்பலிலும் பெருஞ்செல்வம் சேர்த்தவர். வீட்டைச் சுற்றி ஏரிகளைத் தேக்கி, விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, 1878 இல் முதல் வில்விளக்கை எரியவிட்டார். 1880 இல் நண்பர் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த மின்குமிழ்கள் வந்தன. நீர்மின்சாரத்தால் ஒளிபெற்ற முதல் வீடு உலகில் இதுவே. லிஃப்ட், தானாகச் சுழலும் இறைச்சிக் கம்பி, மைய வெப்பமூட்டல் எல்லாம் தண்ணீர் செய்த வேலை. ஜப்பான், சீனா, சயாம் நாடுகளிலிருந்து விருந்தினர்கள் வந்து தங்கினார்கள். அவர்கள் விளக்கைப் பார்க்க வரவில்லை. ஆயுதம் வாங்க வந்தார்கள். வழிகாட்டிகள் விளக்கைப் பற்றி நிறையவும் பீரங்கியைப் பற்றிக் கொஞ்சமாகவும் பேசுகிறார்கள். பீரங்கிகள் வார்த்த எல்ஸ்விக் ஆலை டைன் ஆற்றங்கரையில் இன்று இல்லை. ஆக, கிராக்சைடின் வரவுப் பக்கத்தைத் தேடி நியூகாசில் டிஸ்கவரி அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய டர்பினியா கப்பல் கூடத்தையே நிறைத்து நிற்கிறது. நீராவிச் சுழலியால் ஓடிய முதல் கப்பல். நுழைவு இலவசம்.

பருத்திக்கு வருவோம். தமிழ் வாசகருக்கும் வட இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள மிகப் பழைய வழக்கு இதுதான்.

ப்ரெஸ்டன் நகரின் ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் தடித்த 18 தொகுதிகள் இருக்கின்றன. திறந்தால் எழுத்து இல்லை, துணி. 1866 இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளை வாங்கி, வெட்டி, 700 மாதிரிகளாக ஒட்டித் தயாரித்த தொகுப்பு அது. தலைப்பாகைத் துணி, லுங்கி, சேலை, மஸ்லின் எனச் சென்னை மாகாணத்துத் துணிகளும் அதில் அடக்கம். மொத்தம் 20 தொகுப்புகள் செய்தார்கள். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. இந்தியர் எதை உடுத்துகிறார்கள், எந்த அகலம், எந்தக் கரை, எந்தச் சாயம் என்று பார்த்து லங்காஷயர் ஆலைகள் அதையே நெய்து அவர்களிடம் விற்க வேண்டும். நம் நெசவாளரின் கைத்திறனைக் காக்க யாரும் நினைக்கவில்லை. ஆனால் வெட்டி ஒட்டியதால்தான் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய நம் சாதாரண உடைகளின் சாயம் இன்றும் மங்காமல் இருக்கிறது. கோயில் பட்டும் அரசர் அங்கியும் காப்பாற்றப்படுவது இயல்பு. தினம் உடுத்திக் கிழிக்கும் துணியை வேறு யார் காப்பாற்றியிருப்பார்கள்?

அங்கிருந்து பர்ன்லி பக்கம் போனால் ஹார்ல் சைக் என்ற இடத்தில் குயின் ஸ்ட்ரீட் மில். 1890களில் கட்டியது, நீராவியால் ஓடும் நெசவாலைகளில் உலகிலேயே கடைசியாக மிஞ்சியது. இயந்திரத்துக்குப் பெயர் ‘பீஸ்’, அமைதி. பெயருக்கும் தறிக்கூடத்துக்கும் பொருத்தமில்லை. சில தறிகள் மட்டும் ஓடும்போதே காது அடைக்கிறது. நூற்றுக்கணக்கில் ஓடிய நாட்களில் பேச்சுக் கேட்காது என்பதால் நெசவுப் பெண்கள் உதட்டசைவிலேயே பேசப் பழகினார்கள். அதற்கு ‘மீமா’ என்று வட்டாரப் பெயர். 1982 இல் உற்பத்தி நின்றது. 2016 இல் செலவைக் குறைக்க மாவட்ட நிர்வாகம் ஒரே வீச்சில் ஐந்து அருங்காட்சியகங்களை மூடியபோது இதுவும் ஹெல்ம்ஷோர் ஆலையும் சேர்ந்தே மூடப்பட்டன. இரண்டும் பின்னால் மீண்டும் திறந்தன. குறிப்பிட்ட மாதங்களில், குறிப்பிட்ட நாட்களில் மட்டும். பிரபுக்களின் சோபாவைக் காக்க ஆள் இருக்கிறது, தறியைக் காக்கப் பணம் இல்லை என்ற புகார் அங்கே அடிக்கடி கேட்கிறது. அதில் நியாயம் உண்டு.

இதே வட்டாரத்து டார்வென் ஊருக்குத்தான் 1931 செப்டம்பரில் காந்தி வந்தார். அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த தொழிலாளர்கள் அவரை எப்படி எதிர்கொள்வார்களோ என்ற அச்சம் இருந்தது. ஆலைப் பெண்கள் கைதூக்கி ஆரவாரம் செய்ய, நடுவில் அவர் நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. உங்கள் வறுமையும் வறுமைதான், எங்கள் வறுமை அதைவிடப் பெரிது என்பதே அவர் அவர்களிடம் சொன்னதன் சாரம். பர்ன்லி தறிக்கூடத்தில் நின்று இதை நினைத்துப் பார்ப்பவருக்கு லங்காஷயரை வெறும் வில்லனாகப் பார்ப்பது கொஞ்சம் கடினமாகிவிடும். பக்கத்திலேயே பாடிஹாமில் கோதார்ப் மாளிகை இருக்கிறது. அந்த வீட்டு மகள் ரேச்சல் கே ஷட்டில்வொர்த் வாழ்நாள் முழுதும் சேர்த்த கைத்தையல், நெசவுத் தொகுப்பு அங்கே உள்ளது. இந்த இரண்டுமாக ஒரு நாள் நிறைவாகப் போகும்.

பருத்தியின் கணக்காவது உள்ளூரில் கிடைக்கிறது. சர்க்கரையில் அது இல்லை. லீட்ஸுக்கு வடக்கே ஹேர்வுட் மாளிகை 1759 இல் தொடங்கி 1771 வாக்கில் குடிபுகுந்த வீடு. கட்டடம் ஜான் கார், உள்ளலங்காரம் ராபர்ட் ஆடம், தோட்டம் கேப்பபிலிட்டி பிரவுன், மரச்சாமான் தாமஸ் சிப்பண்டேல். பக்கத்து ஆட்லி ஊரில் பிறந்த சிப்பண்டேலுக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய வேலை இது. பதினெட்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த நால்வரை ஒரே வீட்டில் வேலைக்கு வைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? லாசல்ஸ் குடும்பம் பார்படோஸில் சுங்கம் வசூலித்தது, சர்க்கரை வணிகம் செய்தது, தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தது, அடிமை வணிகத்தில் முதலிட்டது. கட்டிய எட்வின் லாசல்ஸ் பிறந்ததே பார்படோஸில்தான். 1830களில் அடிமைமுறை ஒழிந்தபோது 1,277 பேருக்கு ஈடாக இந்தக் குடும்பம் 26,307 பவுண்டு பெற்றது. அந்த 1,277 பேருக்கு ஒரு பென்னியும் இல்லை.

இதைப் பேசலாமா என்பதில் இங்கிலாந்தில் பெரிய சண்டை நடந்தது. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமைமுறையோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. பூவையும் புல்லையும் பார்க்க வந்தவர்களுக்குப் பாடம் எடுக்காதே என்று ஒரு தரப்பு கொதித்தது. ஹேர்வுட் நேஷனல் டிரஸ்டைச் சேர்ந்தது இல்லை, தனி அறக்கட்டளை. ஆனால் இந்தக் கேள்வியை அது நேராக எதிர்கொண்டது. இன்றைய பிரபு டேவிட் லாசல்ஸ், 2023 இல் அடிமை வணிகத்தால் வளர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் சேர்ந்து அமைத்த குழுவில் ஒருவர். அதே ஆண்டில் நடிகர் டேவிட் ஹேர்வுட்டின் படம் மாளிகையில் மாட்டப்பட்டது. அவருடைய முன்னோர் லாசல்ஸ் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவருடைய குடும்பப் பெயரே அந்த மாளிகையின் பெயர்தான். மூதாதை ஓவியங்கள் நிறைந்த சுவரில் அந்த ஒரு படம் செய்யும் வேலையைப் பத்து விளக்கப் பலகைகள் செய்யாது. பார்வையாளருக்குப் பாடம் எடுக்காதே என்று சொன்னவர்களும் இங்கே வந்து பார்க்கலாம். சிப்பண்டேலின் வேலைப்பாடு இதனால் ஒரு இழையும் குறையவில்லை.

ஹேர்வுட்டின் வரவுப் பக்கத்தைப் பார்க்க லிவர்பூல் போக வேண்டும். அங்குள்ள சர்வதேச அடிமைமுறை அருங்காட்சியகம் 2007 இல் திறந்தது. 2025 தொடக்கத்தில் புதுப்பிப்புக்காக மூடினார்கள். நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. ஹேர்வுட் பார்க்கும் நாளிலேயே வேறெதையாவது சேர்க்க வேண்டுமென்றால் லீட்ஸிலேயே ராயல் ஆர்மரீஸ் இருக்கிறது. 1996 இல் திறந்த ஆயுத அருங்காட்சியகம், இலவசம். ஆயுதத்தில் ஆர்வம் இல்லாதவர்களும் ஒன்றைப் பார்க்கப் போகலாம்: யானைக் கவசம். 5,840 இரும்புத் தகடுகள் மிஞ்சியிருக்கின்றன. எடை 118 கிலோ. ஒரு போர் யானை உருவத்தின் மேல் அது கிடக்கும் காட்சியைக் கண்டு குழந்தைகள் நகர மறுப்பார்கள். இந்தக் கவசத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்ரியட்டா கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி, பிளாசி கிளைவின் மருமகள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு ஆண்டு, 1800 இல், மகள்களோடு சென்னையிலிருந்து மைசூர் வழியாகத் தென்னிந்தியாவைச் சுற்றி வந்து, 1801 இல் கப்பலேறினார். லீட்ஸிலிருந்து ஹேர்வுட்டுக்கு 36ஆம் எண் பேருந்து போகிறது. காலையில் மாளிகை, மாலையில் யானை.

நிலக்கரியைப் பொறுத்தவரை வடக்கில் எனக்கு ஒரே இடம்தான்: வேக்ஃபீல்டுக்கும் ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் இடையிலுள்ள காப்ஹவுஸ், தேசிய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம். 1985 இல் மூடிய சுரங்கம், 1988 இல் அருங்காட்சியகமானது. கூண்டில் ஏற்றி 140 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். கைப்பேசி, மின்கலம் போட்ட கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்துச் சுரங்க விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. மீத்தேன் வாயு அருங்காட்சியகம் என்று பார்க்காது. வழிகாட்டிகள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது. ஆகவே அந்த அனுபவம் உள்ளவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் பத்து இருபது ஆண்டுகளில் மனப்பாடம் செய்தவர்கள்தான் இதைச் சொல்வார்கள். இப்போதே போய்க் கேட்டுவிட வேண்டும். 1838 இல் பார்ன்ஸ்லி அருகே ஹஸ்கர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்ததும், அதன் பின் 1842 இல் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிச் சட்டம் வந்ததும் மேலே காட்சிக் கூடத்தில் விளக்கப்பட்டுள்ளன. கார் இருந்தால் அன்று பிற்பகலே வென்ட்வொர்த் உட்ஹவுஸ் போய்விடலாம். அதை 2017 இல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, கூரையிலிருந்து பழுதுபார்த்து வருகிறது. தட்டுமுட்டுச் சாமான் எதுவும் பெரிதாக இல்லாத வெற்று அறைகள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பட்டுத் திரை இல்லாதபோது சுவரின் அளவு தெரிகிறது.

நிலக்கரிப் பணம் வேறு விதமாகவும் செலவானது. ஸ்ட்ராத்மோர் பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஜான் போஸ், டரம் வட்டாரச் சுரங்கங்களின் முதலாளி. பாரிஸில் நடிகை ஜோசஃபினை மணந்தார். பிள்ளை இல்லை. இருவரும் சேர்ந்து வாங்கிக் குவித்த பொருள்களுக்காகப் பார்னார்டு காசில் என்ற சிற்றூரில் பிரெஞ்சு அரண்மனை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1892 இல் போஸ் அருங்காட்சியகம் திறந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. 1773 இல் செய்த, சாவி கொடுத்தால் கழுத்தை வளைத்து மீன் பிடிக்கும் வெள்ளி அன்னம் ஒன்றை 1872 இல் 200 பவுண்டுக்கு வாங்கினார்கள். இன்று அந்த அருங்காட்சியகம் அதனால்தான் அறியப்படுகிறது. எல் கிரேக்கோவும் கோயாவும் சுவரில் இருக்க, கூட்டம் அன்னத்தின் முன் நிற்கும்.

அதே மாவட்டத்தில் பீமிஷ் இருக்கிறது. 1970 இல் ஃபிராங்க் அட்கின்சன் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம். மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று வைத்திருந்தார். இடிபட இருந்த கடைகள், தொழிலாளர் வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். டிராம் ஓடுகிறது, ரொட்டி சுடுகிறார்கள். 2025 இல் நாட்டின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான பரிசு பெற்றது. குடும்பத்தோடு போக வடக்கில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் பசியும் காசநோயும் இல்லாத ஒரு கடந்தகாலம் இது என்ற குறை எனக்கு உண்டு. எல்லோரும் சிரித்த முகத்தோடு அலைகிறார்கள். இன்னொன்று: சுரங்கக் கிராமத்தில் நிலக்கரி அடுப்பில் பொரித்துத் தரும் மீனும் உருளைக்கிழங்கும் பிரபலம். பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். வேண்டாதவர்கள் வரிசையில் நிற்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

சோப்பு பற்றிச் சுருக்கமாக. சன்லைட் சோப்பைக் கையில் தொடாத தமிழ்க் குடும்பம் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை அரிது. அதன் ஊர் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ரயிலில் போகும் தூரத்தில் இருக்கிறது. வில்லியம் லீவர் 1888 இல் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய அந்தக் கிராமத்துக்குப் பெயரே போர்ட் சன்லைட். தோட்டம் வைத்த அழகான வீடுகள், நடுவில் மனைவி நினைவாக 1922 இல் திறந்த லேடி லீவர் ஓவியக் கூடம். நுழைவு இலவசம். ஓவியத்தை வாங்கிச் சோப்பு விளம்பரமாக மாற்றியவர் லீவர். அப்படி வாங்கியவற்றில் ஒன்றான ஃபிரித்தின் சிறுமி ஓவியம் புகழ்பெற்றது. வீடு, ஆலை, ஓவியம் மூன்றும் ஒரே தெருவில் இருப்பதால் கணக்கு முழுதாகத் தெரிவதுபோல் இருக்கும். பாமாயில் வந்த பெல்ஜியக் காங்கோ மட்டும் அங்கே இல்லை. 1911 முதல் லீவர் அங்கே பெற்ற குத்தகை நிலங்களில் கட்டாய வேலை நடந்தது.

இந்த வரவு செலவுக்குள் அடங்காத வீடுகளும் உண்டு. ஹாவொர்த்தில் பிரான்ட்டி சகோதரிகள் வாழ்ந்த பாதிரியார் இல்லம் அவற்றில் முதலாவது. 1928 முதல் அருங்காட்சியகம். மூவரும் மாலைகளில் சுற்றி நடந்து கதை பேசிய மேசை, பொம்மைப் படைவீரர்கள் படிப்பதற்காகக் குழந்தைப் பருவத்தில் எழுதிய உள்ளங்கை அளவுப் புத்தகங்கள் எல்லாம் அங்கே. ஜன்னலைத் திறந்தால் கல்லறைத் தோட்டம். கூட்டம் இதைக் கவித்துவமாகப் படம் எடுத்துக்கொள்கிறது. 1850 இல் அரசு ஆய்வாளர் பெஞ்சமின் பாபேஜ் எழுதிய அறிக்கைப்படி ஹாவொர்த்தில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8, நூற்றுக்கு 41 பேருக்கு மேல் ஆறு வயதுக்குள் போனார்கள். காரணம் குடிதண்ணீர். ஆய்வு கேட்டு மனுப் போட்டவர்களில் முன்நின்றவர் தந்தை பேட்ரிக் பிரான்ட்டி. ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு 1861 வரை இருந்தார். கீத்லியிலிருந்து நீராவி ரயிலில் ஹாவொர்த் போவது குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

ஹாலிஃபாக்ஸின் ஷிப்டன் ஹால் 1420 வாக்கில் கட்டிய மரச்சட்ட வீடு. அதன் உரிமையாளராக இருந்த ஆன் லிஸ்டர் சுமார் 50 லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதினார். பெண்கள் மீதான தன் காதலைச் சங்கேத எழுத்தில் எழுதினார். 1890களில் அதை உடைத்துப் படித்த உறவினர் பயந்துபோய்ச் சுவர்ப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார், எரிக்கவில்லை. அந்த ஒரு தயக்கத்தால் நமக்கு அது கிடைத்தது. லிவர்பூலில் 20, ஃபோர்த்லின் ரோடு இதற்கு நேரெதிர்: நகராட்சி கட்டிய சாதாரண வாடகை வீடு. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி வளர்ந்தது அங்கே. 1995 இல் நேஷனல் டிரஸ்ட் அதை வாங்கியபோது சிலர் முகம் சுளித்தார்கள். முன்பதிவு செய்தவர்களை மட்டும் சிறு வேனில் அழைத்துப் போகிறார்கள். ஆடம்பரம் ஒன்றுமில்லாத முன்னறை அது. மாளிகைகளை வரிசையாகப் பார்த்துச் சலித்தவருக்கு மருந்து.

யார்க் அருகே காசில் ஹோவர்டைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். நாடக ஆசிரியர் ஜான் வான்ப்ரா அதுவரை ஒரு வீடும் கட்டாதவர். 1699 இல் இதைத் தொடங்கினார். முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1940 தீயில் மாடம் இடிந்து பின்னால் மீண்டும் எழுந்தது. அழகில் வடக்கில் முதலிடம். சிந்திக்க வைப்பதில் அந்த இடம் கிடையாது.

ஓவியக் கூடங்களில் நான் முதலில் அனுப்புவது சால்டெய்ர் ஊருக்கு. 1853 இல் டைட்டஸ் சால்ட் கட்டிய கம்பளி ஆலை 1986 இல் நின்றது. மறுவருடம் ஜொனாதன் சில்வர் வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்களால் நிரப்பினார். ரயில் நிலையம் வாசலில், நுழைவு இலவசம். வேக்ஃபீல்டின் ஹெப்வொர்த் கூடமும் பக்கத்து யார்க்ஷயர் சிற்பப் பூங்காவும் நவீனச் சிற்பத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு முழு நாள். மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தபோது, தெற்காசியப் புலம்பெயர் மக்களின் வாழ்வைச் சொல்லும் பிரிட்டனின் முதல் நிரந்தரக் கூடம் அங்கே வந்தது. வல்லுநர்கள் மட்டும் முடிவு செய்யாமல் உள்ளூர்த் தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கூடி அமைத்த கூடம். பெரும்பாலும் வடஇந்திய, பாகிஸ்தான், வங்கதேசக் குரல்கள். வடக்கில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்ட பிறகு நம் பங்கும் அங்கே சேர வேண்டும். அதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

கிளம்புமுன் சில நடைமுறைச் செய்திகள். தேசிய அருங்காட்சியகங்களுக்கு 2001 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ், யார்க் ரயில் அருங்காட்சியகம், மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகம், லிவர்பூல் வாக்கர் ஓவியக் கூடம் எல்லாம் இதில் வரும். மாளிகைகளுக்குக் கட்டணம் உண்டு, அதுவும் அதிகம். நாலைந்து வீடுகள் பார்க்கும் எண்ணமிருந்தால் நேஷனல் டிரஸ்ட் ஆண்டுச் சந்தா லாபம். நவம்பர் முதல் மார்ச் வரை பல வீடுகள் மூடியிருக்கும் அல்லது தோட்டம் மட்டும் திறந்திருக்கும். கார் இல்லாதவர்கள் கிராக்சைடையும் வாலிங்டனையும் நண்பர்களோடு போகும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் நாட்களில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்கள்கூட இலவசமாகத் திறக்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஓரிடம்தான் முடியும் என்பவர்களுக்கு என் பதில் செஷயரில் ஸ்டைல் கிராமத்திலுள்ள குவாரி பேங்க். மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1784 இல் சாமுவேல் கிரெக் தொடங்கிய பஞ்சாலை. ஆற்றுநீரால் சுழலும் பெரிய இரும்புச் சக்கரம். ஆலையை ஒட்டியே முதலாளி வீடும் தோட்டமும். மேட்டில் 1790 இல் கட்டிய அப்ரன்டிஸ் ஹவுஸ். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவந்த குழந்தைகள் சுமார் 90 பேர் அங்கே தங்கி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தார்கள். 1806 இல் ஜோசப் செஃப்டன், தாமஸ் ப்ரீஸ்ட்லி என்ற இரண்டு பையன்கள் தாயைப் பார்க்க லண்டனுக்கு ஓடிப்போனார்கள். பிடிபட்டு நீதிபதி முன் அவர்கள் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. ப்ரீஸ்ட்லி இயந்திரத்தில் ஒரு விரலை இழந்திருந்தான். கிரெக் குழந்தைகளுக்கு மருத்துவர் வைத்தார், படிப்புச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் அவருக்கு இருந்தது. ஆலை, முதலாளி வீடு, குழந்தைகள் விடுதி மூன்றையும் நேஷனல் டிரஸ்ட் ஒரே வளாகமாகத் திறந்துவைத்திருக்கிறது. அப்ரன்டிஸ் ஹவுஸ் உள்ளே சிறு குழுக்களாகத்தான், குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். போனவுடன் முதல் வேலையாக அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.